கொக்கி

மூன்று பக்கம் குளம். நான்காம் பக்கம் சோயா வயல்.
நடுவில் ஒரு மேடு,
அறுபத்தொரு கல்லறைகள்,
ஒரு பைன் மரம், அதுவும் பாதி பட்டது.
சனிக்கிழமைகளில் புல் வெட்ட நான்தான் வருகிறேன்.
கோவிலில் இருபது டாலர் தருகிறார்கள்.
பெட்ரோலுக்குச் சரியாய்ப் போகும்.

குளம் என்றா சொன்னேன்?
கான்ஸஸின் இந்த மூலையில்
குளங்கள் தாமாகப் பிறந்ததில்லை.
நிலக்கரியை எடுத்துக்கொண்டு போனவர்கள்
குழிகளை மழைக்கு விட்டுப் போனார்கள்.

இரண்டாம் வரிசையில் என் தாத்தாவின் அப்பா,
யெர்னெய் கோலாரிச்.
ஸ்லோவேனிய மலைச்சரிவில்
ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது.
பாகம் பிரித்திருந்தால் அவருக்கு வந்திருக்கும்
ஒரு பிளம் மரத்தின் நிழல்.
கப்பல் ஏறிவிட்டார்.

சுரங்க வாசலில் குமாஸ்தா பெயர் கேட்டான்.
சொல்லி முடிப்பதற்குள்
பாதியிலேயே பேனாவை எடுத்துவிட்டான்:
கோல்.
அந்த ஊர்ப் பேச்சில் அது நிலக்கரி என்று
அவருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.
சிரித்தாராம். வேறென்ன செய்ய.

பெயரைவிட எண் கெட்டி.
பித்தளை வில்லை, 214.
இறங்கும்போது பலகைக் கொக்கியில் மாட்டு,
ஏறியதும் கழற்று.
1911 பிப்ரவரி, வியாழன் மாலை
நான்கு கொக்கிகளில்
வில்லைகள் தொங்கிக்கொண்டே இருந்தன.
மூவரைக் கொண்டுவந்தார்கள்.
இவரில் கிடைத்தது இடதுகால் பூட்ஸ்.
அதையும் பாதிரியார் முறைப்படியே புதைத்தார்,
முழுநீளப் பெட்டியில்,
உருளாமலிருக்க வைக்கோல் அடைத்து.

கடைசிச் சம்பளச் சீட்டு என்னிடம் இருக்கிறது.
வெடிமருந்து, விளக்குக்கு எண்ணெய், வைத்தியர்,
கடப்பாரை தீட்டிய கூலி,
பூட்ஸ் (இரண்டும்),
எல்லாம் கழித்தபின்
அவர் கம்பெனிக்குத் தரவேண்டியது
ஒரு டாலர் நாற்பது.

உர்ஷா அதைக் கட்டினாள்.
மதுவிலக்கு மாநிலத்தில் பிளம் சாராயம் காய்ச்சி,
கோழிக்கூண்டுக்கடியில் ஒளித்து,
ஷெரீஃபுக்கும் ஒரு பாட்டில் விற்று.
எட்டு வருடம் கழித்து அதே காசில் கல் வாங்கினாள்.
கோல் வேண்டாம், முழுப்பெயர் செதுக்கு என்றாள்.
கடைசி எழுத்தின் தலையில் ஒரு கொக்கி உண்டு,
கல்தச்சன் அதைக் கண்டதே இல்லை.
அது இல்லாவிட்டால் கோலாரிச், கோலாரிக்.
லாட ஆணி ஒன்றை எடுத்து
அவளே கீறினாள். சற்றுக் கோணல்.
விரல் வைத்தால் இன்றும் தட்டுப்படும்.

இதுவரை சொல்வது எளிது.
இனி என் அப்பா.

ஸ்டானே கோலாரிச். ராட்சச மண்வாரி ஓட்டியவர்.
அதன் ஒரு வாய்க்குள் இரண்டு லாரி நிற்கும்.
வயல்களைத் தலைகீழாய்ப் புரட்டிக்கொண்டே வந்து
இந்த வேலியில் நின்றார்.
கம்பெனி கடிதம் எழுதியது:
கல்லறைகளுக்குக் கீழே நாற்பதடியில்
மூன்றடி கனத்துக்கு நிலக்கரி.
நல்ல விலை. எலும்புகளை
மரியாதையோடு இடம் மாற்றுவோம்.
குடும்பத்துக்கு ஒரு ஓட்டு.

அப்பா விற்கலாம் என்று கை தூக்கினார்.
தங்கை அப்போது ஆஸ்பத்திரியில்.
ஒரு பூட்ஸை நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும் என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஒரே ஓட்டில் தோற்றார்.
அது ஃபிலோமேனா பெர்தோன்செல்லியின் ஓட்டு.
அவளுக்கு இங்கே இரண்டு கணவர்கள்.

தங்கை மூன்றாம் வரிசை.

ஃபிலோமேனாவோடு அப்பா பிறகு பேசவேயில்லை.
அவள் போனபோது மட்டும் வந்து
பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார்,
கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு
யாரையும் பார்க்காமல் நடந்தார்.
இப்போது அவரும் இங்கேதான்,
விற்க முடியாமல் போன நிலக்கரியின்மேல்.

நீ யார் பக்கம் என்று கேட்காதீர்கள்.
ஈரமான சனிக்கிழமைகளில் ஒரு பதில் இருக்கிறது,
வெயிலில் வேறொன்று.

அக்கரையில் யாரோ தூண்டில் போடுகிறான்.
இந்தக் குழிகளில் கெளுத்தி நன்றாய்ப் பெருக்கும்.
ஐந்தாம் வரிசை நடுவில்
இயந்திரம் இருமி நின்றுவிட்டது.
பெட்ரோல் கேன் வண்டியில் இருக்கிறது.